வெயில் அடித்த ஜனவரி: குல்மர்க் பனிக்குறிப்புகள்

ஞாயிறு, தங்மர்க்

ஸ்ரீநகரில் இறங்கி வண்டியில் ஏறியதுமே ஓட்டுநர் புலம்ப ஆரம்பித்துவிட்டார். ஜனவரி முழுக்க வெயிலாம். டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாளை இங்கே சில்லை கலான் என்கிறார்கள். பனி கொட்டவேண்டிய காலம் அதுதான். இந்த வருஷம் டிசம்பர் கடைசியில் ஒரு தடவை விழுந்ததோடு சரி. அதற்கப்புறம் பகலில் நீல வானம், ராத்திரியில் எலும்பைத் துளைக்கும் குளிர். ஹோட்டல்காரர்கள், குதிரைக்காரர்கள், ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள் எல்லோருக்கும் பிழைப்பு போச்சு என்றார். இப்போதுதான், பிப்ரவரி பிறந்த பிறகு, ஓரளவு விழுந்திருக்கிறது. இந்த வாரம் இன்னும் வருகிறதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி.

தங்மர்க்கில் வண்டி மாற்றினோம். இங்கிருந்து குல்மர்க் 13 கிலோமீட்டர்தான், ஆனால் டயரில் சங்கிலி கட்டாத வண்டியை மேலே விடுவதில்லை. நாங்கள் வந்திருப்பது பனிச்சறுக்குக்கு, அதாவது ஸ்கீ போக. எங்கள் கைடு அங்கேயே வந்து காத்திருந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். ஊரே 'பாய்' என்று கூப்பிடுவதால் நாங்களும் அப்படியே. என்னோடு வந்திருக்கும் கோவை டாக்டர் கை கொடுத்த கையோடு, "நிறையப் பனி வருதாமே பாய், நமக்கு யோகம்தான்!" என்றார். பாய் சிரிக்கவில்லை. "டிசம்பர் பனி இன்னும் அடியில் கிடக்கிறது, டாக்டர் சாப். அதைப் பார்த்துவிட்டு யோகமா இல்லையா என்று சொல்கிறேன்" என்றார் இந்தியில்.

2024ஐ நினைத்துக்கொண்டேன். அந்த ஜனவரியில் குல்மர்க் புல்வெளி பழுப்பாகக் காய்ந்து கிடந்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மாதக் கடைசியில் பனி தொடங்கி, பிப்ரவரி நடுவில் கொட்டித் தீர்த்தது. பிப்ரவரி 22 அன்று பனிச்சரிவில் சிக்கி ஒரு ரஷ்யர் இறந்தார். காய்ந்த ஜனவரி, கனத்த பிப்ரவரி என்ற அதே வரிசைதான் இந்த வருஷமும்.

திங்கள், குல்மர்க்

இன்று மலை ஏறவில்லை. ஊர் நடுவில் கோல்ஃப் மைதானம் பனி மூடிக் கிடக்கிறது. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடி எடுக்கும் பயிற்சி நாள் பூராவும் அங்கேதான்.

ஆளுக்கு மூன்று சாமான். பீக்கன், புரோப், மண்வெட்டி. பீக்கன் என்பது மார்பில் வார் போட்டுக் கட்டிக்கொள்ளும் சின்ன ரேடியோக் கருவி. நடக்கும்போது விடாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தச் சமிக்ஞையைப் பிடித்துப் போகவேண்டும். எந்தக் கம்பெனிக் கருவியாக இருந்தாலும் உலகம் முழுக்க ஒரே அலைவரிசை, 457 கிலோஹெர்ட்ஸ். புரோப் மடக்கு கம்பி, விரித்தால் இரண்டரை மூன்று மீட்டர். மண்வெட்டி உலோகத்தில் இருக்கவேண்டும், பிளாஸ்டிக் உதவாது. சரிந்து நின்ற பனி சில விநாடியில் இறுகிப்போகும், அதில் கையை நுழைக்கக்கூட முடியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: செல்போன் பீக்கனைக் குழப்பும். சும்மா நடக்கும்போது இரண்டுக்கும் நடுவே 20 சென்டிமீட்டராவது இருக்கவேண்டும், தேடும்போது 50. மார்புப் பையில் போனும் அதன் மேலேயே பீக்கனும் வைத்திருந்த டாக்டரைப் பாய் ஒரு பார்வை பார்த்தார். போன் பின்பைக்குப் போனது.

ஒரு பீக்கனைச் சாக்கில் போட்டு எங்கேயோ புதைத்துவிட்டு வந்து, தேடச் சொன்னார். கருவியில் அம்புக்குறியும் எண்ணும் தெரியும். எண் குறையக் குறைய நெருங்குகிறோம். மூன்று மீட்டருக்குள் வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக மெல்ல நகர்த்தி, எண் மிகக் குறைவாக இருக்கும் புள்ளியைப் பிடிக்கவேண்டும். அங்கிருந்து சுருள் சுருளாக 25 சென்டிமீட்டர் இடைவெளியில் கம்பியைக் குத்துவது. கம்பி ஆளைத் தொட்டால் உருவக்கூடாது, அப்படியே நிற்கவேண்டும். தோண்டுவது நேர் மேலிருந்து அல்ல. சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளி நின்று, கம்பியை நோக்கி உள்ளே தோண்டிப் போகவேண்டும். நேர் மேலே நின்று தோண்டினால் புதைந்தவனின் மூச்சுக்கு இருக்கும் இத்தனூண்டு இடத்தையும் மிதித்துக் கெடுத்துவிடுவோம்.

மூச்சு வாங்க உட்கார்ந்தபோது டாக்டர் டாக்டராக ஆனார். புதைந்தவர்களில் பெரும்பாலோர் குளிரில் சாவதில்லை, மூச்சு முட்டித்தான். வெளிவிடும் மூச்சு முகத்தெதிரே உள்ள பனியை உருக்க, அது திரும்ப உறைந்து பனிக்கட்டி முகமூடியாகிவிடும். பதினைந்து நிமிஷத்துக்குள் வெளியே எடுத்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைப்பார்கள் என்பது பழைய கணக்கு. முப்பத்தைந்து நிமிஷத்தில் அது மூன்று பேராகச் சரிந்துவிடும். அண்மைய சுவிஸ் ஆய்வு அந்தப் பதினைந்தையும் பத்தாகக் குறைத்துவிட்டது.

"சியாச்சின்ல ஒருத்தர் ஆறு நாள் கழிச்சு உயிரோட வந்தாரே?" என்று கேட்டேன். தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2016 பிப்ரவரி 3, சோனம் காவல் நிலை, 19ஆம் மதராஸ் பட்டாலியன் வீரர்கள் பத்துப் பேர். நான்கு பேர் நம் ஊர்க்காரர்கள். கர்நாடகத்து ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு கிடைத்து, 11ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்தார். "அவர் கூடாரத்துக்குள்ள இருந்தவர். சுத்தி கொஞ்சம் காத்து இருந்திருக்கும். உங்க தலைக்கு மேல கூடாரம் கிடையாது" என்றார் டாக்டர்.

ஆல்ப்ஸ் மலையில் போனை எடுத்தால் ஹெலிகாப்டர் வரும். இங்கே சரிவில் சிக்னல் இருக்குமா என்பதே சந்தேகம். வெளியூர் ப்ரீபெய்ட் சிம் வேலையும் செய்யாது. வெளிநாட்டுக்காரர்கள் அவரவர் ஊரில் கொண்டுபோகும் சாட்டிலைட் கருவியை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும். ஆக, பத்து நிமிஷத்துக்குள் வரக்கூடிய மீட்புக்குழு என்றால் பக்கத்தில் நடக்கும் ஆள்தான்.

சாயங்காலம் கடைவீதியில் நூன் சாய் குடித்துக்கொண்டிருந்தோம். உப்புப் போட்ட இளஞ்சிவப்புத் தேநீர். எனக்குப் பிடித்திருக்கிறது, டாக்டருக்கு இல்லை. பக்கத்து பெஞ்சில் ஒரு ஜவான் திரும்பி, "சார் தமிழா? எந்த ஊரு?" என்றார். தென்காசிப் பக்கம் அவருக்கு. ராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பள்ளி 1948இலிருந்து இங்கேதான் இருக்கிறது. நாளைக்கு எங்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்டார். "கும்பலாப் போவாதீங்க சார். சரிவைத் தாண்டும்போது ஒருத்தர் போயி நின்ன பிறகுதான் அடுத்தவரு. நாங்க அப்பிடித்தான்" என்றார். டீக்காசையும் கொடுக்க விடவில்லை.

செவ்வாய், கோங்டூரிக்கு மேலே

கொண்டோலா என்கிற கேபிள் காரின் முதல் கட்டம் 2,650 மீட்டரில் இருக்கும் குல்மர்க்கிலிருந்து கோங்டூரி வரை. இரண்டாம் கட்டம் அபர்வட் முகட்டுக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 3,950 மீட்டரில் கொண்டுபோய் விடுகிறது. இந்த இரண்டாம் கட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு. மற்ற மலைகளில் அந்த உயரத்துக்கு வியர்வை வடித்து ஏறவேண்டும். ஏறும்போதே காலடிப் பனி எப்படி இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். இங்கே கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்து போய் இறங்கினால் முகட்டில் நிற்கிறோம். கட்டுக்குள் வைத்திருக்கும் பகுதிக்கும் காட்டு மலைக்கும் நடுவே ஒரு கயிறுதான் எல்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ரோந்துக்காரர்கள் சரிவைச் சோதித்துத் திறக்கிறார்கள். அந்தப் பக்கம் அவரவர் பொறுப்பு.

நாங்கள் கோங்டூரியில் இறங்கி, ஸ்கீக்கு அடியில், ஏறும்போது வழுக்காமல் இருக்க, ஸ்கின் என்கிற பட்டையை ஒட்டிக்கொண்டு நடந்தோம். அபர்வட்டின் குல்மர்க் பக்கச் சரிவு வடகிழக்கு நோக்கியது, குளிர்காலத்தில் வெயில் அதிகம் படாது. பெரிய சரிவின் அதே திசையைப் பார்க்கும், ஆனால் 25 பாகைக்குக் குறைவான ஒரு மேட்டைப் பாய் தேர்ந்தெடுத்தார். மேலே தொங்கும் சரிவு எதுவும் இல்லையா என்று இரண்டு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியைப் போட்டார்.

தரை தெரியும்வரை தோண்டினோம், ஒரு மீட்டரை ஒட்டி. குழியின் சுவரை மண்வெட்டி முனையால் சீவியதும் அடுக்குகள் தெரிந்தன. மேலே நாற்பது சென்டிமீட்டர் பிப்ரவரிப் பனி, காற்று அடித்து இறுக்கியது. முஷ்டியால் அமுக்கினால் உள்ளே போகாது, நாலு விரல் சேர்த்து அமுக்கினால் போகும். அதன் கீழே வெயில் உருக்கி உறைந்த மெல்லிய ஓடு. ஓட்டுக்குக் கீழே டிசம்பர் பனி. அதை அள்ளிக் கையில் வைத்தார். உருண்டை பிடிக்க வரவில்லை. ரவை மாதிரி விரலிடுக்கில் வழிந்தது. கறுப்பு அட்டையில் நாலு மணியைப் போட்டு லென்ஸைக் கொடுத்தார். ஒவ்வொன்றும் வரிவரியாகக் கோடு விழுந்த குட்டிக் கிண்ணம், கூரான விளிம்பு. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தனித்தனியாகக் கிடந்தது. சர்க்கரைப் பனி என்கிறார்கள்.

விழும்போது இது இப்படி இருக்கவில்லை. ஜனவரி வெயில் செய்த வேலை. மேகம் இல்லாத ராத்திரியில் பனியின் மேற்பரப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினைந்து, இருபது பாகை வரை குளிர்ந்துவிடும். அடியில் தரையோ ஏறக்குறைய பூஜ்ஜியத்திலேயே இருக்கும். பனி இரண்டு மீட்டர் கனம் என்றால் அந்த வித்தியாசம் பரவலாகிப் பாதிப்பு குறையும். அரை மீட்டர்தான் என்றால், பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அப்போது கீழிருந்து நீராவி மேலேறி, ஒட்டிக்கொண்டிருந்த மணிகளைக் கரைத்து, ஒட்டாத மணிகளாக மறுபடி கட்டுகிறது. மெல்லிய பனிதான் மோசமான பனி என்பது முதலில் தலைகீழாகப் படுகிறது. குழிக்குள் நின்று கையில் வாங்கிப் பார்த்தால் படாது. ஓட்டுநர் தொழில் போச்சு என்று புலம்பிய அதே ஒரு மாதம், எங்களுக்கு அடித்தளத்தை உதிர்த்துவைத்திருக்கிறது.

அடுத்து தட்டிப் பார்க்கும் சோதனை. 90 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பனித்தூணைக் கயிற்றால் அறுத்துத் தனியாக்கி, ஒரு ஓரத்தில் மண்வெட்டியைப் படுக்கவைத்து அதன்மேல் தட்டவேண்டும். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. மணிக்கட்டுத் தட்டில் ஒன்றும் ஆகவில்லை. முழங்கைக்கு மாறி மூன்றாவது தட்டில், சத்தமே இல்லாமல், ஓட்டுக்குக் கீழே ஒரு கோடு தூணின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. மேலே இருந்த நாற்பது சென்டிமீட்டரும் முழுப் பலகையாக வழுக்கி என் பூட்ஸ் மேல் விழுந்தது.

எத்தனையாவது தட்டில் உடைந்தது என்பதைவிட, தட்டிய ஓரத்தோடு நின்றதா, தூண் பூராவும் ஓடியதா என்பதுதான் பாய்க்கு முக்கியம். ஓடினால், மலையிலும் ஓடும். ஒருவன் நிற்கும் இடத்தில் தொடங்கி நூறு மீட்டர் தள்ளியும் உடையலாம். "இப்போதைக்கு நாற்பது சென்டிமீட்டர் பாரம். நாளையும் மறுநாளும் இன்னும் ஏறும். பார்க்கலாம்." குழியை மூடிவிட்டு மரங்களுக்கு நடுவே இறங்கி வந்தோம்.

புதன், குல்மர்க்

காலையிலிருந்து கொட்டுகிறது. இரண்டாம் கட்டக் கொண்டோலா மூடல். கரண்ட் போய்ப் போய் வருகிறது, அறையில் புகாரி அடுப்பு எரிகிறது.

ஜம்மு காஷ்மீர் பேரிடர் நிர்வாகத்தின் எச்சரிக்கை போனுக்கு வந்தது: பாரமுல்லா மாவட்டத்தில் 2,400 மீட்டருக்கு மேல் பனிச்சரிவு வாய்ப்பு. இதற்கெல்லாம் மூலம், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் பல பத்தாண்டுகளாகப் பனியைக் கணித்துவரும் நிறுவனம். சாசே என்று இருந்தது, 2020இல் டிஜிஆர்இ ஆனது. முதல் அக்கறை ராணுவச் சாலைகளும் முகாம்களும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாவட்டம் முழுவதுக்கும் ஒரு வரி வந்தால், குல்மர்க் ஊரே 2,400க்கு மேலேதானே இருக்கிறது? நான் படுத்திருக்கும் கட்டிலும் அதில் அடக்கம். எந்தத் திசைச் சரிவு, எந்த அடுக்கு, எவ்வளவு பெரிதாக உடையும் என்பதையெல்லாம் ஐரோப்பாவில் தினசரி அறிக்கையிலேயே எழுதுகிறார்கள். இங்கே அதைக் குழி தோண்டித்தான் படிக்கவேண்டும்.

2010 பிப்ரவரி 8இல் கிலன்மர்க்கில் பயிற்சியில் இருந்த 17 வீரர்கள் பனிச்சரிவில் இறந்துபோனார்கள். போர்ப்பள்ளிக்காரர்கள், பனியே தொழிலாகக் கொண்டவர்கள். ஜன்னலைத் திறந்தால் அந்தப் பக்கம்தான். இன்று ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை.

வியாழன்

பனி குறைந்து, காற்று பிடித்துக்கொண்டது. பாய்க்குக் காற்றுதான் பிடிக்கவில்லை. விழும் பனியைவிட வேகமாகக் காற்று பனியை அள்ளிக் குவிக்கும், முகட்டின் மறைவுப் பக்கத்தில். தென்மேற்கிலிருந்து அடிப்பதால் மறைவுப் பக்கம் என்பது எங்கள் பக்கம்.

சீட்டாட்டத்தில் டாக்டர் ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்.

வெள்ளி, கோங்டூரி

விடிந்ததும் ஒரு மேகம் இல்லை. கொண்டோலா வாசலில் எட்டு மணிக்கே ஸ்கீயும் போர்டுமாகப் பெரிய கும்பல். இரண்டு நாள் அறையில் அடைந்து கிடந்தவர்கள், கண்ணெதிரே யாரும் தொடாத புதுப் பவுடர் பனி, நீல வானம். மலைக்காரர்கள் பயப்படும் நாள் இதுதான். புயலின்போது யாரும் மேலே போவதில்லை. புயல் முடிந்த முதல் வெயிலில், பாரம் ஏறிய சரிவு இன்னும் படியாத நேரத்தில், எல்லோரும் போகிறார்கள். ஆட்கள் சாகும் பனிச்சரிவுகளில் பத்துக்கு ஒன்பதை உடைப்பது அந்த ஆளோ கூட வந்தவரோதான், தானாக வந்து விழுவது குறைவு.

கோங்டூரியில் இறங்கியதுமே பாய் இடதுபுறம் கை காட்டினார். முகட்டுக்குச் சற்றுக் கீழே, ஸ்கேல் வைத்து வெட்டிய மாதிரி நேர்க்கோடு. ராத்திரி தானாக உடைந்திருக்கிறது. பைனாகுலரில் பார்த்தால் உடைந்த சுவர் ஆள் மார்பளவு உயரம் இருக்கும். அதன் கீழே சரிவு வழித்து எடுத்த மாதிரி. நடுவில் பழுப்பாகப் புல் தெரிந்தது. தரைவரைக்கும் போயிருக்கிறது, அதாவது டிசம்பர் பனி வரைக்கும். அடிவாரத்தில் கட்டிகட்டியாகக் குவியல்.

மதியத்துக்கு முன் ரோந்துக்காரர்கள் இரண்டாம் கட்டத்தைத் திறந்தார்கள், கயிற்றுக்குள் மட்டும். எங்களைத் தாண்டிப் போன ஒரு வெளிநாட்டுக் குழு கயிற்றைத் தாண்டப்போவதாகச் சொன்னது. பையில் சரிவில் சிக்கினால் ஊதிக்கொள்ளும் காற்றுப்பை, தோளில் பீக்கன், எல்லாம் உயர்ந்த சரக்கு. 2023 பிப்ரவரி 1இல் அபர்வட்டின் ஹபத்குட் பள்ளத்தில் பனிச்சரிவில் சிக்கிய போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். கூட இருந்த 19 வெளிநாட்டவரை மீட்டார்கள். அதுவும் பெரும்பனிக்குப் பிந்தைய நாள்தான்.

பாய் எங்களைக் கயிற்றுக்கு அப்பால் கூட்டிப்போக மறுத்துவிட்டார். டாக்டருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு செலவழித்து, இப்படியொரு நாளில் அடிவாரத்தில் நிற்பதா? பாய் வாதாடவில்லை. சரிவுமானியை எடுத்து மேலே பிடித்து, எண்ணை டாக்டரிடம் காட்டினார்: 36 பாகை. பலகையாக உடையும் சரிவுகளில் பெரும்பாலானவை 30க்கும் 45க்கும் நடுவில்தான். முப்பதுகளின் பின்பாதிதான் மிக மோசம். சறுக்குவதற்கு மிக அருமையான சரிவும் அதே கோணத்தில்தான் இருக்கிறது என்பது மலையின் குசும்பு.

அந்தக் குழு மூன்று மணிக்குச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தது. ஒன்றும் ஆகவில்லை. அருமையான பனி என்றார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் வேறெங்கோ பார்த்தேன்.

ராத்திரி இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். டாக்டரின் தொழிலில் மருந்து தப்பானால் நோயாளி சொல்லிவிடுவார். பனி அப்படிச் சொல்வதில்லை. பலவீனமான அடுக்கு எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருக்காது. கனமான இடத்தில் ஸ்கீயின் பாரம் அதுவரை எட்டாது, பாறையோரம் பனி மெலிந்த இடத்தில் எட்டிவிடும். பத்துப் பேர் கோடு போட்டு இறங்கிய சரிவு பதினோராவது ஆளுக்கு உடைந்த கதை பாயிடமே உண்டு. அவர்கள் பத்திரமாக வந்ததால் சரிவு பத்திரம் என்று ஆகிவிடாது. டாக்டர் அரைமனதாக ஒத்துக்கொண்டார். நாளைக்கு நல்ல இறக்கம் கிடைக்கவில்லை என்றால் பாயிடம் பேசவே மாட்டாராம்.

சனி, பாபா ரேஷி வழி

கிடைத்தது. கோங்டூரியிலிருந்து ஊசியிலைக் காட்டுக்குள் புகுந்து பாபா ரேஷி பக்கம் இறங்கினோம். எங்கேயும் முப்பது பாகையைத் தொடாத தடம், முழங்கால் ஆழத்துக்குப் புதுப்பனி. டாக்டர் வாய்விட்டுக் கத்திக்கொண்டே இறங்கினார்.

நடுவில் ஒரு திறந்த வெட்டவெளி, கிட்டத்தட்ட சமதரை. பாய் முன்னால் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று 'வும்' என்று அடிவயிற்றில் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். காலடித் தரை ஒரு விரற்கடை இறங்கியது. என் ஸ்கீ முனையிலிருந்து ஒரு வெடிப்பு இருபது மீட்டர் ஓடி ஒரு மரத்தடியில் நின்றது. அந்தச் சர்க்கரை அடுக்கு நொறுங்கி, மேலே உள்ள பலகை மொத்தமாக உட்கார்ந்த சத்தம் அது. சமதரை என்பதால் வழுக்கிப் போக வழியில்லை. இதுவே நேற்றைய 36 பாகையாக இருந்திருந்தால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாய் திரும்பி டாக்டரை மட்டும் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "சரி பாய், சரி பாய்" என்றார் டாக்டர், தமிழில்.

வெட்டவெளியின் மேல் ஓரத்தில் ஒரு செங்குத்து மேடு இருந்ததால் அங்கே நிற்காமல், ஒவ்வொருவராக மரக்கூட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். அடிவாரத்தில் சமதரையில் நின்றுகொண்டு மேலே இருக்கும் சரிவை உடைத்துத் தலையில் போட்டுக்கொள்ளவும் முடியும்.

தங்மர்க் சாலைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் தங்கை போன். ஏப்ரல் லீவில் பிள்ளைகளோடு குல்மர்க் வரலாமா, பனிச்சரிவு பற்றியெல்லாம் படித்த பிறகு மாப்பிள்ளை தயங்குகிறாராம். தாராளமாக வா என்றேன். கொண்டோலாவில் ஏறி, வேலிக்குள் நின்று பனியில் விளையாடி, அதே கொண்டோலாவில் இறங்குவதற்குக் குழி தோண்டவேண்டியதில்லை. முகட்டில் 'அந்தப் பக்கம் ஏரி இருக்கு, நடந்து காட்டுறேன்' என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் போகவேண்டாம். ஏப்ரலில் ஆபத்து வேறு ஜாதி. ராத்திரி உறைந்து நிற்கும் பனி பத்துப் பதினோரு மணி வெயிலில் தண்ணீர் கோத்து, ஈரமும் கனமுமாகத் தானாகவே இறங்கும். அதனால் காலையிலேயே போய்விட்டு மதியத்துக்குள் கீழே வந்துவிடச் சொன்னேன். பிள்ளைகளுக்கு வாடகை பூட்ஸ் அளவு கிடைப்பது கஷ்டம், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள் என்றும் சொன்னேன்.